செபமாலையின் தூதர் புனித பார்த்தலோ லோங்கோ

நம் பங்கின் பொன்விழா மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் மனத்தில் முதலில் தோன்றியவர்கள் குருக்களும் கன்னியரும் வேதசாட்சிகளுமே. ஆனால், அக்டோபர் மாதம் பிறந்ததும் மாதா சுரூபத்தை வீடு வீடாக எடுத்துச் சென்று 53 மணிச் செபம் சொல்லுகிறவர்கள் யார்? குடும்பத் தலைவர்களும், தாய்மார்களும், வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் இளைஞர்களும் அல்லவா? ஆகவே குருப்பட்டம் பெறாத, மடத்தில் வாழாத, சட்டம் படித்த ஒரு பொதுநிலையினரைப் பற்றி எழுதத் துணிந்தோம். இவர் வாழ்க்கையில் இன்னொரு விசேஷமும் உண்டு. தம் ஆன்மா நரகத்துக்கென்றே எழுதிவைக்கப்பட்டுவிட்டது என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பியவர் இவர்.

இத்தாலி நாட்டின் தென்கோடியில், பூலியா என்னும் பகுதியில் உள்ள லத்தியானோ என்ற சிற்றூரில், 1841-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பார்த்தலோ லோங்கோ பிறந்தார். தந்தை மருத்துவர், பெற்றோர் இருவரும் பக்தியுள்ளவர்கள். செபமாலை சொல்லும் குடும்பம். ஆறாம் வயதிலேயே பியாரிஸ்ட் சபைக் குருக்கள் நடத்திய விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். துறுதுறுப்பான பையன், பியானோவும் புல்லாங்குழலும் வாசிப்பார், ஓரிடத்தில் அமர்ந்திருக்க மாட்டார். பத்து வயதில் தந்தையை இழந்தார். சட்டம் படிக்க ஆசைப்பட்டு, 1863-இல் நேப்பிள்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இத்தாலி 1861-இல் ஒரே அரசாக இணைந்திருந்தது. புதிய அரசுக்கும் திருச்சபைக்கும் இடையே கடும் பகை. பாப்பரசரை நாட்டின் எதிரி என்று மாணவர்கள் தெருவில் முழக்கமிட்டார்கள். குருத்துவத்தைக் கைவிட்டவர்களே பேராசிரியர்களாக அமர்ந்து விசுவாசத்தை ஏளனம் செய்தார்கள். 1863-இல் ரெனான் என்னும் பிரெஞ்சு அறிஞர், இயேசுவைத் தெய்வீகம் இல்லாத வெறும் மனிதராகச் சித்திரித்து எழுதிய நூல் எல்லார் கையிலும் இருந்தது. அந்த நூல் லோங்கோவின் கைக்கும் வந்தது. கொஞ்ச நாளில் அவர் பூசைக்குப் போவதை விட்டார். குருக்களை எதிர்க்கும் கூட்டங்களில் முன்னால் நின்றார்.

ஆனால் மனித மனம் வெறுமையாய் இருக்காது. கடவுளை வெளியே அனுப்பியவர் ஆவிகளை உள்ளே அழைத்தார். இறந்தவர்களின் ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் கூட்டங்கள் அன்று ஐரோப்பாவில் பெரிய நாகரிகமாய் இருந்தன. லோங்கோ அங்கே வேடிக்கை பார்க்கப் போய், பின் பங்கு பெற்று, கடைசியில் அந்தக் கூட்டத்தின் குருவாகவே ஆகிவிட்டார். அங்கே நடந்தவற்றைச் சில நூல்கள் பயங்கரக் கதைபோல் விரித்துச் சொல்லுகின்றன. நாம் அதைச் செய்யப் போவதில்லை. நம் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறவர்களில் சிலர் செவ்வாய்க்கிழமைதோறும் குறி கேட்கப் போவது நமக்குத் தெரியாததல்ல. அவர்கள் ஆர்வத்தைக் கிளறிவிட வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்வோம். அந்தப் பழக்கத்தாலும் அதற்காக இருந்த கடும் பட்டினியாலும் அவர் உடல் எலும்பும் தோலுமாயிற்று. தூக்கம் போயிற்று. மனம் கலங்கிற்று.

அவரைக் காப்பாற்றியவர் தம் ஊர்ப்பக்கத்து நண்பர் வின்சென்சோ பெப்பே என்னும் பேராசிரியர். இந்த வழியிலேயே போனால் பைத்தியக்கார விடுதியில்தான் முடியும் என்று அவர் நேரடியாகவே எச்சரித்தார்; எச்சரித்ததோடு நில்லாமல், புனித சாமிநாதர் சபையைச் சேர்ந்த அல்பெர்த்தோ ராதெந்தே என்ற குருவிடம் அழைத்துச் சென்றார். அந்தக் குரு பல நாள் பொறுமையாகக் கேட்டார், பேசினார், காத்திருந்தார். 1865-இல் லோங்கோ பாவசங்கீர்த்தனம் செய்து மீண்டும் நற்கருணை உட்கொண்டார். பிறகு பழைய கூட்டத்துக்கே ஒருநாள் சென்று, மாதாவின் பதக்கத்தை உயர்த்திக் காட்டி, எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக அறிவித்தார் என்பர். தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 1871-இல் சாமிநாதரின் மூன்றாம் சபையில் சேர்ந்து, ரொசாரியோ, அதாவது செபமாலை என்ற பெயரை ஏற்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது நாம் அடிக்கடி கேட்கும் மனந்திரும்புதல் கதைகளில் ஒன்றாகியிருக்கும். உண்மையான போராட்டம் இதற்குப் பிறகுதான் தொடங்கிற்று.

நேப்பிள்ஸில் மரியன்னா தெ ஃபுஸ்கோ என்ற விதவைச் சீமாட்டி இருந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய். பொம்பேய்ப் பள்ளத்தாக்கில் அவருக்கு நிலங்கள் இருந்தன. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பழைய பொம்பேய் நகரத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில்தான் அந்தப் பள்ளத்தாக்கு. இறந்துபோன நகரத்தைக் காண உலகமெங்கிலுமிருந்து அறிஞர்கள் வருவார்கள். பக்கத்தில் உயிரோடிருந்த குடியானவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1872-இல் குத்தகைக் கணக்குகளைப் பார்க்கும் வேலையாக லோங்கோ அங்கே வந்து இறங்கினார். காய்ச்சல் பரவிய சதுப்பு நிலம், வழிப்பறிக்காரர் பயம், எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், பாழடைந்த ஒரு சிறு கோயில். ஞானஸ்நானம் பெற்றிருந்தும் அடிப்படைச் செபங்கள்கூடத் தெரியாதவர்கள் பலர். மந்திரத்திலும் தாயத்திலும் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை மட்டும் குறைவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் ஒருநாள், வயல்வெளியில் தனியே நடந்துகொண்டிருந்த லோங்கோவைப் பழைய நினைவு பிடித்துக்கொண்டது. குருவுக்கு இடப்படும் முத்திரை அழியாதது என்று திருச்சபை கற்பிக்கிறதே. அப்படியானால் ஆவிகளுக்குக் குருவாய் நின்ற தமக்குப் பசாசு இட்ட முத்திரையும் அழியாமல்தானே இருக்கும்? பாவசங்கீர்த்தனம் செய்தும், மன்னிப்புப் பெற்றும், தாம் இன்னும் அவனுடைய உடைமைதானோ? வழக்கறிஞர் அல்லவா? தமக்கு எதிராகத் தாமே வாதாடித் தீர்ப்பும் எழுதிவிட்டார். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்கிற அளவுக்கு அந்த இருட்டு அவரை அழுத்திற்று.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் நமக்கு இந்த இருட்டு புதிதல்ல. தாம் செய்த பாவத்துக்கு மன்னிப்பு உண்டென்று வாயால் சொல்லிவிட்டு, மனத்தால் நம்ப முடியாமல் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வாதத்தால் பதில் சொல்ல முயன்று நாம் தோற்றிருக்கிறோம். லோங்கோவுக்கும் அன்று வாதம் உதவவில்லை. ராதெந்தே சாமியார் சொல்லியிருந்த ஒரு வார்த்தைதான் நினைவுக்கு வந்தது: செபமாலையைப் பரப்புகிறவன் கெட்டுப்போக மாட்டான் என்று புனித சாமிநாதருக்கு மாதா வாக்களித்ததாக வழங்கும் மரபு. உடனே முழந்தாளிட்டுக் கைகளை விரித்து, அந்த வாக்கு உண்மையானால் தாம் மீட்படைவது உறுதி என்றும், செபமாலையைப் பரப்பாமல் இந்த மண்ணை விட்டுப் போகப்போவதில்லை என்றும் மாதாவிடம் சபதம் செய்தார். அந்த வேளையில் தொலைவில் நண்பகல் திரிகால மணி ஒலித்தது. அந்த அமைதி பின்னர் அவரை விட்டு அகலவில்லை.

இங்கே செபமாலையின் வரலாற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மாதா சாமிநாதருக்குக் காட்சி தந்து செபமாலையைக் கொடுத்தார் என்பது பழைய மரபு. அவர் காலத்து ஏடுகளில் அதற்குச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அதைப் பெரிதும் பரப்பியவர் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆலன் என்ற அச்சபைக் குரு. இதனால் நம் பக்தி குறைய வேண்டியதில்லை. மடங்களில் துறவிகள் 150 சங்கீதங்களைப் பாடினார்கள். எழுத்தறியாத மக்களால் அது முடியவில்லை. அவர்கள் முதலில் பரலோக மந்திரத்தையும், பின்னர் மங்கள வார்த்தைச் செபத்தையும் 150 முறை மணிகளை எண்ணிச் சொன்னார்கள். ஆண்டவருடைய வாழ்வின் நிகழ்ச்சிகளைத் தியானிக்கும் முறை படிப்படியாக அதனோடு சேர்ந்தது. புனித ஐந்தாம் பத்திநாதர் 1569-இல் இதற்கு உறுதியான வடிவம் தந்தார். 1571 அக்டோபர் 7-இல் லெப்பாந்தோ கடற்போரின் வெற்றிக்குப் பின் செபமாலை மாதா திருநாள் ஏற்பட்டது. ஆக, செபமாலை தொடக்கமுதலே படிக்காதவனின் சங்கீதப் புத்தகம். பொம்பேய்க் குடியானவர்களுக்கு வேறெதையும்விட அது பொருந்தும் என்பதை லோங்கோ கண்டுகொண்டார்.

வேலை எளிதாக இருக்கவில்லை. குடிசை குடிசையாகப் போய்ச் செபம் கற்பித்தார். செபமாலைத் திருநாள் ஒன்றை ஏற்பாடு செய்தார். மக்களை வரவழைக்கக் குலுக்கல்கூட நடத்திப் பார்த்தார். திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்கப் பாடுபட்ட நம் பங்குப் பேரவையினர் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்! முதல் ஆண்டுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 1875-இல்தான் மக்கள் திரண்டார்கள். செபமாலைச் சபை தொடங்க வேண்டும்; அதற்குப் பீடத்தில் வைக்க எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய மாதா படம் வேண்டும். லோங்கோ நேப்பிள்ஸுக்குப் புறப்பட்டார். விலை கேட்டார், கட்டுப்படியாகவில்லை.

ராதெந்தே சாமியார் முன்பு பழைய சாமான் கடையில் மிக மலிவாக வாங்கி ஒரு மடத்துக் கன்னியரிடம் கொடுத்துவைத்த படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் லோங்கோவுக்கு மனம் ஒப்பவில்லை. துணி பூச்சியரித்து, வண்ணம் உதிர்ந்திருந்தது. மாதாவின் முகம் கரடுமுரடாய் இருந்தது. சாமிநாதரின் முகத்தில் புனிதக் களையே இல்லை. சியன்னா கத்தரீனம்மாள் இருக்க வேண்டிய இடத்தில் புனித ரோசம்மாள். வேண்டாமென்று திரும்ப நினைத்தவரை, எடுத்துப் போங்கள், இந்தப் படம் புதுமை செய்யும் என்ற கருத்தில் அந்தக் கன்னியர் வற்புறுத்தி அனுப்பினார். படமோ பெரியது, கையில் தூக்கிப் போக முடியாது. நேப்பிள்ஸிலிருந்து பொம்பேய் வயல்களுக்கு எரு ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் ஒருவர் கிடைத்தார். ஒரு துப்பட்டியில் சுற்றி, எருக் குவியலின்மேல் வைத்து, 1875 நவம்பர் 13-ஆம் நாள் பொம்பேய் வந்து சேர்ந்தது அந்தப் படம். நாம் சப்பரத்துக்கு மல்லிகையும் சம்பங்கியும் சுற்றி மாதாவை எழுந்தருளச் செய்கிறோம். உலகப் புகழ்பெற்ற பொம்பேய் மாதா வந்த தேர் எரு வண்டி! பிற்பாடு படம் பழுதுபார்க்கப்பட்டது. ரோசம்மாளின் உருவம் கத்தரீனம்மாளாக மாற்றப்பட்டது. இன்று அந்தப் படத்தைக் காணச் செல்லும் இலட்சக்கணக்கானவர்களில் யாருக்கும் அதன் பழைய கோலம் தெரிவதில்லை.

லோங்கோ கேட்டது ஒரு பீடம் மட்டுமே. நோலா மறைமாவட்ட ஆயரோ, பீடம் எதற்கு, கோயிலே கட்டுங்கள் என்று தூண்டினார். மாதம் ஒரு செப்புக் காசு. ஆம், ஒரே ஒரு சோல்தோ தரக்கூடிய 300 பேரைத் தேடி லோங்கோவும் சீமாட்டியும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 1876 மே 8-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முன்பே, அவ்வாண்டு பிப்ரவரியில், வலிப்பு நோயால் வாடிய நேப்பிள்ஸ் சிறுமி ஒருத்தி சுகமடைந்த செய்தி பரவியிருந்தது. காணிக்கைகள் நாடுநாடாக வரலாயின. 1891 மே 8-இல் கோயில் அபிஷேகம் செய்யப்பட்டது. 1901-இல் முடிந்த முகப்பை லோங்கோ உலக சமாதானத்துக்கென்று அர்ப்பணித்தார்.

இதற்கிடையில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். செபமாலையின் 15 தேவ இரகசியங்களுக்குப் பொருத்தமாக 15 சனிக்கிழமை பக்திமுயற்சியைப் பற்றி 1877-இல் நூல் வெளியிட்டார். 1883-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் செபமாலையைப் பற்றித் திருமடல் எழுதியபோது, அதற்குப் பதில்போல் ஒரு மன்றாட்டை எழுதினார். ஒவ்வோர் ஆண்டும் மே 8-ஆம் நாளிலும் அக்டோபர் முதல் ஞாயிறன்றும் நண்பகலில் அது இன்றும் செபிக்கப்படுகிறது. 1884-இல் நேப்பிள்ஸில் பொர்த்தூனா அக்ரெல்லி என்ற பெண் நோய்ப்படுக்கையில் மாதாவின் காட்சி கண்டு சுகம் பெற்றதாகத் தெரிவித்தார். மன்றாட 27 நாளும், நன்றி சொல்ல 27 நாளுமாக நம் வீடுகளில் சிலர் செய்யும் 54 நாள் செபமாலை நவநாள் அதிலிருந்து வந்ததே. நன்றி சொல்லும் 27 நாளை நம்மவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

லோங்கோ கோயில் கட்டியதோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு பக்கம் எழுதியிருக்க மாட்டோம். 1887-இல் அநாதைப் பெண்குழந்தைகளுக்கு இல்லம் தொடங்கினார். அடுத்து அவர் செய்ததுதான் பலருக்கு அதிர்ச்சி தந்தது. சிறைக் கைதிகளிடமிருந்து, தங்கள் பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்களே என்று கடிதங்கள் வந்தன. அந்நாளில் லொம்ப்ரோசோ என்ற பேரறிஞரும் அவர் கூட்டத்தாரும், குற்றம் இரத்தத்திலேயே வருவது, பிறவிக் குற்றவாளிகள் உண்டு என்று கற்பித்துவந்தார்கள். அப்படியானால் கொலைகாரன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? பணத்தை வீணாக்குவதேன்? பலரும் இப்படித்தான் பேசினார்கள். 1892-இல் லோங்கோ கைதிகளின் ஆண்பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். எழுத்து, கணக்கு, அச்சுத்தொழில், இசை எல்லாம் கற்பித்தார். பிள்ளைகள் கையால் அச்சான பத்திரிகை செபமாலைச் செய்தியை நாடெங்கும் கொண்டு சென்றது. சிறையில் இருந்த தந்தைக்கும் இல்லத்தில் இருந்த மகனுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. மகனைக் கண்டு திருந்திய தந்தையரும் உண்டு. அறிஞர்களுக்கு அவர் ஏடுகளில் எழுதிய மறுப்பைவிட அந்தப் பிள்ளைகளே பெரிய மறுப்பு. 1897-இல் பிள்ளைகளைப் பராமரிக்கக் கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். 1922-இல் கைதிகளின் பெண்பிள்ளைகளுக்கும் இல்லம் ஏற்பட்டது. பசாசின் முத்திரை அழியாதென்று தம்மைப் பற்றி அஞ்சிய மனிதர், தந்தையின் குற்றம் பிள்ளைமேல் முத்திரையாய் நிற்காது என்பதற்காக முப்பது ஆண்டுக்கு மேல் வழக்காடினார்.

அவதூறுக்கும் குறைவில்லை. இளம் வழக்கறிஞரும் விதவைச் சீமாட்டியும் சேர்ந்து பணி செய்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? இருவரும் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரிடம் யோசனை கேட்டார்கள். திருமணம் செய்துகொண்டால் யாரும் பேச வழியில்லை என்பது அவருடைய ஆலோசனை. 1885-இல் மணம் புரிந்து, உடன்பிறந்தோர்போல் கற்புநிலையில் வாழ்ந்தார்கள். அடுத்து பணத்தைப் பற்றிய பேச்சு வந்தது. உலகமெங்குமிருந்து வரும் காணிக்கையில் இவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டார்கள். உரோமைக்கும் புகார்கள் போயின. கோயிலை 1890-களிலேயே திருப்பீடத்துக்கு ஒப்படைத்துவிட்ட லோங்கோ, 1906-இல் நிர்வாகம் முழுவதையும் புனித பத்தாம் பத்திநாதர் கையில் விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 65. தாம் ஒவ்வொரு கல்லாக எழுப்பிய இடத்தில் வேறொருவர் உத்தரவுக்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்தார். கட்டிமுடித்த கோயிலை விட்டு மாற்றலாகிப் போன குருக்களுக்கு இது எவ்வளவு கசக்கும் என்பது தெரியும். நாமும் ஒருமுறை அப்படிப் போனபோது மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லோங்கோ முறையிட்டதில்லை. பிள்ளைகளுக்காகக் கடிதம் எழுதுவதையும் செபமாலை சொல்லுவதையும் விடவில்லை.

1924-இல் சீமாட்டி இறந்தார். லோங்கோ கடைசி நாட்களிலும் ஏழையாகவே இருந்தார். புனித யோசேப்பு மொஸ்காத்தி என்ற புகழ்பெற்ற மருத்துவர் அவருக்கு நண்பரும் வைத்தியருமாய் இருந்தார். 1926 அக்டோபர் 5-ஆம் நாள், செபமாலை மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, 85-ஆம் வயதில் உயிர் துறந்தார். அவர் வந்தபோது பெயருக்கும் ஊராய் இல்லாத அந்தப் பள்ளத்தாக்கு, 1928-இல் பொம்பேய் என்ற தனி நகராட்சியாயிற்று.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1980 அக்டோபர் 26-இல் இவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். ஒளியின் மறைநிகழ்ச்சிகளை நமக்குத் தந்த 2002-ஆம் ஆண்டுத் திருமடலிலும் இவரைப் பலமுறை நினைவுகூர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 பிப்ரவரியில், நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது, இவருக்குப் புனிதர் பட்டம் வழங்க ஒப்புதல் அளித்தார். ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தார். மே 8-ஆம் நாள் நண்பகல் பொம்பேயில் லோங்கோ எழுதிய மன்றாட்டு வழக்கம்போல் செபிக்கப்பட்டது. அன்று மாலையே உரோமையில் வெண்புகை எழுந்தது. புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ மாடத்தில் நின்று பேசிய முதல் உரையில், அன்று பொம்பேய் மாதாவின் மன்றாட்டு நாள் என்பதைக் குறிப்பிட்டு, திரண்டிருந்த மக்களோடு சேர்ந்து அருள் நிறைந்த மரியே சொன்னார். அவரே அவ்வாண்டு அக்டோபர் 19-இல் பார்த்தலோ லோங்கோவைப் புனிதராக அறிவித்தார்.